மரத்துக்கு எந்தப் பக்கம்?

வடிவு என்னை மாமி என்றுதான் கூப்பிடுவாள். எனக்கும் அவளுக்கும் வயதில் அப்படியொன்றும் பெரிய வித்தியாசம் கிடையாது. காமாக்ஷி என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறதடி என்று பல தடவை சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன். "பேரு சொல்லிக் கூப்பிட வாய் வரமாட்டேங்கு மாமி" என்பாள். வேறு எதைச் சொல்லவும் அந்த வாய் தயங்கி நான் பார்த்ததில்லை. டாக்டரானாலும் சரி, டை கட்டிய சேல்ஸ்மேனானாலும் சரி, மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

தில்லி கரோல் பாக்கில் நாலு ஊரில் கிளை வைத்திருக்கிற வியாபாரிகள் பின்னாளில் கம்ப்யூட்டர் லைன் வாங்குவதற்கு முன்னால், "அந்த மதராஸி மேடத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்" என்று ஆள் அனுப்புவார்கள். வடிவு எல்லோரிடமும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். மரத்துக்கு எந்தப் பக்கம்? வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அது வந்த நாளில் திட்டு வாங்கியவள் நான்.

நாங்கள் இரண்டு பேரும் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ்வாசிகள். அவள் வீட்டுக்காரர் ஏகாம்பரம் ஒரு மத்திய அமைச்சகத்தில் கிளார்க். சொந்த ஊர் அம்பாசமுத்திரம். தில்லிக்கு வந்து இருபது வருஷமாகியும் வடிவின் பேச்சில் தாமிரபரணித் தண்ணீர் வற்றவில்லை. இந்தி பேசினால்கூட அம்பாசமுத்திரத்து இந்திதான். பிள்ளைகள் இரண்டும் தமிழைத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் மாதிரி வைத்துக்கொண்டு இந்தியில் வளர்ந்துவிட்டன. காலையில் இருவரும் சார்ட்டர்ட் பஸ் ஏறுவோம். ஆபீஸ் போகிறவர்களாகச் சேர்ந்து மாத வாடகைக்குப் பிடித்த பஸ் அது. அவரவர்க்கு அவரவர் சீட்டு. பின் சீட்டில் ரம்மி, முன் சீட்டில் பஜனை, நடுவில் ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள். யாருக்காவது பிரமோஷன் என்றால் பஸ் முழுக்க சமோசா. தௌலா குவானில் திரும்பி, ரிட்ஜ் காட்டைத் தாண்டி, சங்கர் ரோடு வழியாகக் கரோல் பாக் போய்ச் சேரும்.

அங்கேதான் எங்கள் லேப். டாக்டர் பசீன் தன் அம்மா பெயரில் தொடங்கியது. சரோஜ் லேப் என்று பெயர். ஃபரீதாபாத், காஜியாபாத், குர்காவ், ரோஹிணி என்று ஊர் ஊராகக் கிளை. கிளைகளில் ரத்தம் எடுப்பார்கள். அது ஐஸ் பெட்டியில் மோட்டார் சைக்கிளில் கரோல் பாக்குக்கு வரும், ஏனென்றால் மெஷின்கள் எல்லாம் இங்கே. ரிப்போர்ட் தயாரானதும் கம்ப்யூட்டர் லைன் வழியாகத் திரும்பப் போய் அந்தந்தக் கிளையிலேயே பிரிண்டாகும். ஃபரீதாபாத்காரன் ஃபரீதாபாத்திலேயே ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு தன் டாக்டரைப் பார்க்கப் போகலாம்.

வடிவு முதலில் டைப் அடிக்கத்தான் சேர்ந்தாள். சாயங்கால வகுப்பில் கம்ப்யூட்டர் படித்தாள். லைன் பார்த்துக்கொண்டிருந்த பையன் குர்காவில் பெரிய கம்பெனிக்கு ஓடிப்போனபோது, "வேறு ஆள் கிடைக்கும்வரை நீங்கள் பாருங்கள்" என்றார் டாக்டர் பசீன். வேறு ஆளை அவர் தேடவே இல்லை. அதற்குண்டான சம்பளத்தையும் தேடவில்லை. லைன் ஓடிக்கொண்டிருக்கும்வரை வடிவு என்று ஒருத்தி இருப்பது யார் நினைவிலும் இருக்காது. லைன் நின்றால் எல்லாக் கிளைகளும் போன் போட்டு என்னைத் திட்டும். ரிப்போர்ட் செக்‌ஷன் போன் என் மேஜையில்தான் இருந்தது. ஆகவே அவள் வேலையில் எனக்கு இருந்த அக்கறைக்குக் காரணம் வெறும் சிநேகம் மட்டுமில்லை.

2003-ல் வடிவு ஒரு பெரிய காரியம் செய்தாள். ஒரே கம்பெனியிடம் லைன் வாங்கினால் அது படுத்தால் நாமும் படுக்கவேண்டியதுதான்; இரண்டு கம்பெனியிடம் வாங்கினால் ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும் என்று டாக்டரிடம் மன்றாடி இரண்டு லைன் போடவைத்தாள். டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. வாசலில் விளக்குப் போட்ட போர்டு ஒன்று மாட்டினார்: 'இரட்டை லைன், இடைவிடாத ரிப்போர்ட்.' பஸ்ஸில் வடிவு எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தாள். நானும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

அந்த வருஷம் தில்லியில் டெங்கு. அக்டோபரில் லேப் கோயில் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. டெங்குவில் பிளேட்லெட் எண்ணிக்கைதான் எல்லாம். காலையில் எடுத்த ரத்தத்தின் எண்ணிக்கை மத்தியானத்துக்குள் டாக்டர் கையில் இருக்கவேண்டும். அதைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதா, ரத்தம் ஏற்றுவதா என்று முடிவெடுப்பார்கள். அப்படி ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது, எல்லாத் திரையும் அப்படியே நின்றது. முதல் லைன் போயிற்று. இரண்டாவது லைனும் போயிற்று. என் மேஜை போன்கூட செத்துவிட்டது. கைபேசிதான் மிச்சம், அதில் எல்லாக் கிளையும் மாறி மாறி அழைத்தன. எண்ணை வாயால் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றால், வாயால் சொன்ன எண்ணை நம்பி எந்த டாக்டரும் ஊசி போடமாட்டார் என்றார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். பேப்பரை மோட்டார் சைக்கிளில் ஏற்றி அனுப்பினோம்.

வடிவு நேராகத் தெருவுக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். எங்கள் சந்து முனையில் ஒரு அரசமரம். அதன் அடியில் சின்னதாக ஒரு அனுமார் கோயில். மரத்தைச் சுற்றி யாரும் மண்வெட்டி வைக்கமாட்டார்கள். வேரில் பட்டால் பாவம், பூசாரியிடம் திட்டு வேறு. அதனால் சந்துக்குள் வருகிற எந்தக் குழாயும், எந்தக் கேபிளும், மரத்துக்கு எதிர்ப்புறம் ஜூஸ் கடை ஓரமாக இருக்கிற குறுகலான இடத்தில்தான் நுழைந்தாகவேண்டும். அங்கே தண்ணீர்க் குழாய் பதிக்க ஒரு காண்டிராக்டரின் மெஷின் பள்ளம் தோண்டியிருந்தது. பள்ளத்துக்குள் ஒரு ஆரஞ்சுக் குழாய், பக்கத்திலேயே ஒரு கறுப்புக் குழாய். ஒன்று ஒரு கம்பெனி, இன்னொன்று இன்னொரு கம்பெனி. இரண்டும் ஒரே கடியில் அறுந்து, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

வடிவு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளத்தின் விளிம்பில் குத்தவைத்து அதையே பார்த்தாள். "ரெண்டு கம்பெனி வாங்கினேன் மாமி" என்றாள். "ரெண்டு வழி வாங்கல."

மறுநாள் காலை ஃபரீதாபாத்திலிருந்து ஒருவர் வந்தார். பள்ளிக்கூடம் போகிற மகளுக்கு டெங்கு. முந்தின நாள் சாயங்காலம்வரை ரிப்போர்ட்டுக்காகக் கிளை வாசலில் உட்கார்ந்திருந்திருக்கிறார். குழந்தை பிழைத்துக்கொண்டாள், ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டார், அந்த மட்டில் முருகன் காப்பாற்றினான். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் திருப்பிக் கத்தியிருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. அவர் வாசல் போர்டைக் காட்டி, "இடைவிடாத ரிப்போர்ட் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நம்பித்தான் உங்களிடம் வந்தேன்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அவமானத்தில் உடம்பு கூசிப்போயிற்று. வடிவு அவர் எதிரே கை கட்டி நின்றாள். அப்படி அவளை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் போர்டு இறங்கியது. டாக்டர் பசீன் அவளைக் கூப்பிட்டார். கண்ணாடி அறை, உள்ளே பேசுவது எல்லாம் வெளியே கேட்கும். "வடிவுஜி, அடுத்த டெங்கு சீசனில் ஒரே ஒரு தடவை ரிப்போர்ட் நின்றாலும் இந்த லைன் விளையாட்டையே மூடிவிடுவேன். பேப்பரையும் மோட்டார் சைக்கிளே கொண்டுபோகட்டும். நீங்கள் பழையபடி டைப்பிங்குக்குப் போய்விடலாம்."

"டைப்பிங்குக்கெல்லாம் போகமாட்டேன் சாப்" என்றாள் வடிவு, அம்பாசமுத்திரத்து இந்தியில். "நின்றால் வீட்டுக்கே போகிறேன். ஆனால் எந்த லைன், யாரிடம் என்று நான்தான் சொல்வேன். நடுவில் நீங்கள் விலை பேசக்கூடாது. யார் மச்சான் சிபாரிசும் வரக்கூடாது."

டாக்டர் யோசித்துவிட்டு "அச்சா" என்றார். ஏகாம்பரத்தின் சம்பளத்தை மட்டும் வைத்துக்கொண்டு தில்லியில் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை பஸ்ஸில் அவளைப் பிடித்து உலுக்கினேன். "உனக்கென்ன பைத்தியமாடீ? வாயை வெச்சுண்டு சும்மா இருக்கப்படாதோ? ஜூஸ் கடை ஓரமா எவன் எப்போ தோண்டுவான்னு உன்னால சொல்ல முடியுமா?"

பஸ் தௌலா குவானில் வழக்கம்போல நின்றிருந்தது. எங்கள் பக்கத்திலேயே வசந்த் விஹாரிலிருந்து வரும் இன்னொரு சார்ட்டர்ட் பஸ். அதில் இருந்தவர்களும் எங்களைப்போலவே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமி, அந்தா பாருங்க" என்றாள் வடிவு. "அது வேற பஸ்ஸு, வேற மொதலாளி, வேற எடத்துலேருந்து வருது. நாம ரெண்டு பஸ்ஸுக்கும் காசு கெட்டி வச்சிருந்தா, இப்ப ஆபீஸ் போயிருப்பமா?"

"எப்படிடீ போவோம்? ரெண்டும் தௌலா குவான்லதானே நிக்கறது."

"அதத்தான் நான் செஞ்சிருக்கேன். பஸ்ஸப் பாத்தேன், ரோட்டப் பாக்கல. இனி ரோட்டத்தான் பாக்கணும்."

அதற்கப்புறம் அவள் சேல்ஸ்மேன்களைப் படுத்தின பாடு இருக்கிறதே! ஒவ்வொருத்தனாக மடிக்கணினியும் வழவழப்புக் காகிதமுமாக வருவான். எங்கள் லைன் தொண்ணூற்றொன்பது சதவீதம் நிற்காது என்பான். "மிச்சம் ஒரு சதவீதம் எந்த மாசத்துல வரும்? அக்டோபர்லயா?" என்பாள் வடிவு. அவன் சிரிப்பான். அவள் சிரிக்கமாட்டாள். "மரத்துக்கு எந்தப் பக்கமா வருவீங்க?" என்பது அடுத்த கேள்வி. அவன் படத்தைக் காட்டுவான். அதில் நீலக் கோடும் சிவப்புக் கோடும் அழகாக வேறு வேறு தெருவில் போகும். "படம் வேண்டாம் பையா, வா நடக்கலாம்" என்று அவனை வெயிலில் இழுத்துக்கொண்டு போவாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தொடங்கி அந்தந்தக் குழிமூடி, அந்தந்தக் கம்பம் என்று பார்த்துக்கொண்டே வந்தால், நீலக் கோடும் சிவப்புக் கோடும் கடைசியில் ஜூஸ் கடை ஓரத்தில்தான் வந்து முடியும். அவன் டை கழுத்திலிருந்து சட்டைப் பைக்குப் போய்விடும்.

ஒருத்தன் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மரத்துப் பக்கமாகவே நாங்கள் கொண்டுவருவோம், பூசாரியிடம் பேசி முடித்தாயிற்று என்றான். வடிவு செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அனுமார் கோயிலுக்குள் போய்ப் பூசாரியிடமே கேட்டாள். "என்னிடம் யார் பேசினது? மரத்தைத் தொட்டுப் பார்க்கட்டும்!" என்று அவர் கையை ஓங்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் அந்த சேல்ஸ்மேன் பைக்கை ஸ்டார்ட் செய்துவிட்டான். நான் ஜன்னலிலிருந்து பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன்.

கிளைகளுக்கும் போனாள். லீவு நாளில் ஏகாம்பரத்தின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஊர் ஊராகப் பார்த்தாள். மனிதர் வாயைத் திறக்காமல் ஓட்டினார். அந்த வீட்டில் அதுதான் வழக்கம். போன இடத்தில் எல்லாம் ஒரு அரசமரம் இருந்தது, வேறு உருவத்தில். காஜியாபாத்துக்கு ஹிண்டன் பாலம். எந்தக் கம்பெனி கேபிளானாலும் ஆற்றைத் தாண்ட அந்தப் பாலத்தின் இடுப்பில்தான் தொங்கவேண்டும். ஃபரீதாபாத்துக்கு ரயில் தண்டவாளத்துக்கு அடியில் ஒரே ஒரு சுரங்கம்.

"தரையில ரெண்டாவது வழியே கெடையாது மாமி" என்று ஒருநாள் பஸ்ஸில் சொன்னாள். முகம் வாடியிருக்கும் என்று பார்த்தால் ஜொலித்தது. "அதனால ஒண்ணு தரையில வரட்டும். இன்னொண்ணு வானத்துல வரட்டும்."

கூரைமேல் பெரிய டிஷ் வைத்து, இங்கிருந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பி, அங்கிருந்து கிளையின் கூரைக்கு இறக்கிக்கொள்ளும் ஏற்பாடு அப்போது வந்திருந்தது. அது மெதுவாக வரும் என்று டாக்டர் பசீனுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். "நம்ம ரிப்போர்ட் ஒரு பக்கம் சாப். கல்யாண வீடியோவா அனுப்புகிறோம்? மெதுவாக வந்தாலும் நிச்சயமாக வரவேண்டும், அதுதான் வேண்டும்" என்றாள். பலத்த மழை பெய்தால் டிஷ் மக்கர் பண்ணும் என்றும் சொல்லியிருந்தார்கள். அதற்கு வடிவு சொன்ன பதிலை நான் இன்றைக்கும் பலரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "மழை பெய்யும்போது தில்லியில் எவன் ரோட்டைத் தோண்டுகிறான்? தோண்டுகிற அன்றைக்கு மழை இருக்காது. மழை பெய்கிற அன்றைக்குத் தோண்டமாட்டான். இரண்டில் ஒன்று எப்போதும் நமக்கு இருக்கும்." அந்தக் கணக்கில் ஓட்டை கண்டுபிடிக்க டாக்டரால் முடியவில்லை.

டிஷ் விற்க மூன்று கம்பெனிகள் வந்தன. பேச்சு எல்லாம் ஒரே மாதிரி. யாரை எடுப்பது என்பதற்கு வடிவு ஹோலிக்காகக் காத்திருந்தாள். ஹோலி அன்று மத்தியானம்வரை தில்லியில் எந்தக் கதவும் திறக்காது. பாங் குடித்தவன் போதையில் படுத்திருப்பான், குடிக்காதவன் பைப்படியில் தேய்த்துக் குளித்துக்கொண்டிருப்பான். நான் போளி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். தலையெல்லாம் பச்சை, கன்னத்தில் ஊதா, கையில் போன். மூன்று கம்பெனிகளின் புகார் எண்ணுக்கும் அழைத்துக்கொண்டிருந்தாள். ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொன்றில் ஒருவன் எடுத்து, "ஹோலி முபாரக் பெஹன்ஜி, நாளைக்குப் பேசலாம்" என்று வைத்துவிட்டான். மூன்றாவதில் ஒரு ஹரியானாக்காரர் உடனே எடுத்து, "எந்த ஊர் டிஷ்? பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா, சிவப்பா?" என்று கேட்டார். நான் இன்னும் வாங்கவே இல்லை, நீங்கள் எடுக்கிறீர்களா என்று பார்க்கத்தான் கூப்பிட்டேன் என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். அந்த மனிதர் சிரித்த சிரிப்பு போனுக்கு வெளியே எனக்கே கேட்டது. தீபாவளி ராத்திரியும் இருப்பீர்களா என்றாள். நான் இல்லையென்றால் வேறொருத்தன் இருப்பான் என்றார்.

போனை வைத்துவிட்டு, "முடிஞ்சது மாமி, போளியக் குடுங்க" என்றாள்.

கோடையில் எல்லாக் கூரையிலும் டிஷ் ஏறியது. தரைவழி லைன் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தினாள். தரை போனால் டிஷ்ஷோடு வந்த பெட்டி தானாகவே வானத்துக்கு மாறிக்கொள்ளும் என்று கம்பெனிக்காரர்கள் சத்தியம் செய்தார்கள். வடிவு சத்தியத்தை நம்புகிறவளா? செவ்வாய்க்கிழமை அனுமார் கோயிலில் பூந்திப் பிரசாதம் கொடுப்பார்கள். அதை வாயில் போட்டுக்கொண்டு வந்து, ஓடிக்கொண்டிருக்கிற தரை லைனின் ஒயரை வெடுக்கென்று உருவிவிடுவாள். வாராவாரம் இதே வேலை. "நன்றாக ஓடுவதை ஏன் பிடுங்குகிறீர்கள்?" என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "அக்டோபரில் வேறு எவனோ பிடுங்குவதற்கு முன்னால் நான் பிடுங்கிப் பார்க்கிறேன்" என்றாள்.

முதல் செவ்வாய்க்கிழமையே காஜியாபாத் மட்டும் செத்துப்போயிற்று. வடிவு நேரே கிளம்பிப் போனாள். அங்கே அந்த நேரம் கரண்ட் இல்லை, இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் கிளை மேனேஜர் திவாரி இன்வெர்ட்டரில் மாட்டியிருந்தது மின்விசிறியையும், கிரிக்கெட் பார்க்கிற டிவியையும். டிஷ் பெட்டி வெறும் சுவரில் செருகியிருந்தது. வடிவு டிவி ஒயரைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் டிஷ் ஒயரை மாட்டினாள். மேட்ச் கடைசி ஓவராம். திவாரி அவளோடு ரொம்ப நாள் பேசவில்லை. செவ்வாய்க்கிழமைகள் போகப் போக இப்படி ஒவ்வொரு கோளாறாக வெளியே வந்தது. ஆகஸ்டு முடிவதற்குள் அவள் ஒயரை உருவினால் யாருக்கும் தெரியாமல் போகும் அளவுக்கு வந்துவிட்டது.

மலை மந்திர் முருகனுக்கு ஒரு அர்ச்சனையாவது பண்ணுடீ என்று நான் கெஞ்சினேன். "முருகனுக்கு ஏகப்பட்ட சோலி கெடக்கு மாமி. இது என் சோலி" என்றுவிட்டாள். நான்தான் அவள் பெயருக்கு ரகசியமாகப் பண்ணிவைத்தேன்.

2004 அக்டோபர். டெங்கு வந்தது, கூட்டம் வந்தது. ஒருநாள் நான் கோல் மார்க்கெட்டில் தங்கை வீட்டில் தங்கியிருந்து அங்கிருந்தே காலையில் சீக்கிரம் லேபுக்கு வந்துவிட்டேன். வடிவு வழக்கம்போல பஸ்ஸில் வரவேண்டும். ரிப்போர்ட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே டமடமவென்று சத்தம். எட்டிப் பார்த்தேன். மஞ்சள் மெஷின். ஜூஸ் கடை ஓரம். போன வருஷத்துக் குழாய் ஒழுகுகிறதாம், திறந்து பார்க்கிறார்களாம். நான் "அரே பையா, ருகோ, ருகோ!" என்று நிறுத்தச் சொல்லி ஜன்னலிலிருந்து கத்தினேன். யாருக்குக் கேட்கும்? இரும்புக் கை ஒரு தடவை இறங்கி ஏறியது. அதன் பல்லில் ஆரஞ்சுக் குழாய் தொங்கியது.

என் மேஜை போன் செத்தது. நான் கைபேசியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். திட்டு வரும் என்று தயாராக இருந்தேன். வடிவின் வேலை போயிற்று என்று நினைத்தேன். கைபேசி அடிக்கவே இல்லை. பொறுக்கமுடியாமல் நானே ஃபரீதாபாத்தைக் கூப்பிட்டேன். ரிப்போர்ட் வருகிறதா?

"வந்துகொண்டுதானே இருக்கிறது, ஏன் மேடம்?" என்றாள் அங்கிருந்த பெண்.

குர்காவைக் கூப்பிட்டேன். வருகிறதாம். ரோஹிணியில் எடுத்தவன், கூட்ட நேரத்தில் சும்மா கூப்பிட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று எரிந்துவிழுந்தான். அவன் வாயில் சர்க்கரை போடவேண்டும் என்று இருந்தது எனக்கு. ஒரு திரைகூட நிற்கவில்லை. சிரிக்கவா, அழவா என்று தெரியாமல் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

டாக்டர் பசீன் வந்தார். பள்ளத்தில் கார் வராமல் நடந்து வந்ததில் ஷூவெல்லாம் சேறு. முனிசிபாலிட்டியைத் திட்டினார், தண்ணீர்க் குழாயைத் திட்டினார், பார்வை வடிவின் காலி நாற்காலியில் விழுந்ததும் அவளையும் திட்டினார். "சீசன் நேரத்தில் இதுதானா வருகிற லட்சணம்?"

அந்த நேரம் பார்த்து வடிவு மூச்சிரைக்க உள்ளே வந்தாள். "சாரி சாப். பஸ் தௌலா குவானில் நின்றுவிட்டது" என்றாள். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். "என்ன மாமி, ஒரு மாதிரி நிக்கிய?"

"நீ வர்ற வழியில பள்ளத்தைப் பார்க்கலையாடீ?"

"சங்கர் ரோட்டுலயே எறங்கி, லேட்டாச்சேன்னு பின் வாசல் வழியா ஓடியாந்தேன். என்ன பள்ளம்?"

நான் அவள் கையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரும் வந்து பார்த்தார். கீழே ஆரஞ்சுக் குழாய் இரண்டு துண்டாகக் கிடந்தது. அவர் முகம் வெளுத்தது. "ரிப்போர்ட்?" என்றார்.

"அறுந்து ரொம்ப நேரமாச்சு சாப்" என்றேன், லேப் முழுக்கக் கேட்கும்படி இந்தியில். "எல்லாக் கிளைக்கும் போய்க்கொண்டிருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை. உங்களுக்கே தெரியவில்லை. வடிவுகூட இங்கே இல்லை; அவள் தௌலா குவானில் நின்றாள், லைன் நிற்கவில்லை!"

டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சேற்று ஷூவைக் கழற்றினார். பிறகு, "வடிவுஜி, அந்தப் போர்டு ஸ்டோர் ரூமில் இருக்கிறது" என்றார். "அது உங்களுடையது. மாட்டலாம் என்று நீங்கள் சொன்னால் மாட்டுகிறேன். உங்கள் நாற்காலியும் இனி தற்காலிகம் இல்லை."

வடிவு நேரே பெட்டி இருக்கிற அறைக்குப் போனாள். வானத்து லைனின் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. அதன் எதிரே நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வேர்வையா, கண்ணீரா என்று நான் கேட்கவில்லை. என் கண்ணும் அப்போது சரியாகத் தெரியவில்லை. அவளை நினைத்து அன்று எனக்கு வந்த பெருமை என் சொந்தப் பெண் பாஸானபோதுகூட வரவில்லை.

அப்போது என் கைபேசி அடித்தது. எல்லோரும் அப்படியே நின்றோம். காஜியாபாத், திவாரி. வடிவு என் கையிலிருந்து அதைப் பிடுங்கி, "சொல்லுங்கள் பையா, என்ன நின்றுபோச்சு?" என்றாள்.

"லைன் வாங்கத் தெரிந்தால் போதுமா மேடம்?" என்று திவாரி கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "காலையிலிருந்து ரிப்போர்ட் வந்துகொண்டே இருக்கிறது, பிரிண்டரில் பேப்பர் தீர்ந்துவிட்டது! ஜல்தி பேப்பர் அனுப்புங்கள்!"

வடிவு சிரித்தாள். லேப் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி, அம்பாசமுத்திரத்துச் சிரிப்பு.

"அனுப்புகிறேன் பையா" என்றாள். "மோட்டார் சைக்கிளில்."